இல்லாத ரயிலைப் பார்ப்பது எப்படி?

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகக் கிழக்கே ஏறும் சாலை, தேயிலைத் தோட்டங்கள் முடிந்து மலை சட்டென்று அறுந்து விழும் இடத்தில் டாப் ஸ்டேஷன் என்ற ஊரை அடைகிறது. ஊர் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. வருகிறவர்களோ பெரும்பாலும் கேரளத்தின் வழியாக வருகிறார்கள். கிழக்கே கொடைக்கானலைச் சுமந்து நிற்கும் பழனி மலைத்தொடர், மேற்கே நீண்டு மூணாறு மலைகளோடு ஒட்டிக்கொள்ளும் விளிம்பு இது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைத் தொட்டு மூணாறுக்குப் போன பழைய சாலையும் இந்தப் பக்கமாகத்தான் வந்தது. 1990 வாக்கில் அதை மூடிவிட்டார்கள். இப்போது அது காட்டின் சொத்து. டாப் ஸ்டேஷனில் டீக்கடை உண்டு, அவித்த சோளம் உண்டு, பள்ளத்தாக்கைப் பார்க்க இறங்கும் பாதை உண்டு. ஸ்டேஷன் மட்டும் இல்லை.

இல்லை என்பது எப்படித் தெரிகிறது?

சிரிக்க வேண்டாம். இந்தியத் தத்துவவாதிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கு நின்ற கேள்வி இது. உலகில் உள்ளவற்றை எல்லாம் வகைப்படுத்திய வைசேடிகர்கள் பொருள், குணம், தொழில், பொதுமை, சிறப்பு, ஒற்றுமை என்று முதலில் ஆறோடு நிறுத்தினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. ஏழாவதாக இன்மையையும் பட்டியலில் ஏற்றினார்கள். அதாவது, ஒரு பொருள் இல்லாதிருப்பதும் உலகத்தில் உள்ள ஒரு சங்கதி. தரையில் குடம் இல்லையென்றால், கண் தரையையும் பார்க்கிறது, குடத்தின் இன்மையையும் பார்க்கிறது என்பது நியாய நூலாரின் கட்சி. குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகர்கள் இதை ஒப்பவில்லை. கண்ணுக்கு இன்மை தட்டுப்படாது, அதை அறிவதற்கென்றே தனி அளவை ஒன்று உண்டு என்றார்கள். அதே மீமாம்சையில் பிரபாகரர் வழி வந்தவர்கள், இன்மை என்று எதுவும் கிடையாது, அங்கே இருப்பது வெறுந்தரைதான் என்று முடித்துவிட்டார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி, காணவேண்டியது காணப்படாததைக் கொண்டு செய்யும் ஊகமே அது என்றார்.

தமிழுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்கும் காதையில், அளவைவாதி அடுக்கும் அறிவு வழிகளில் அபாவமும், அதாவது இன்மையும், ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் மாணவர்களுக்காக எழுதிய தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியவர் சிவஞான முனிவர். சிவஞான போதத்துக்குப் பேருரை கண்ட சைவர் அவர். இன்மையைப் பொருளாக எண்ணும் நூலை, அதில் பல இடங்களில் உடன்பாடில்லாமலே, பொறுமையாகத் தமிழில் தந்திருக்கிறார். எதிர்க்கட்சியை முழுதாகப் படித்துவிட்டு மறுக்கும் வழக்கம் மடங்களில் இருந்த காலம்.

இந்த வாதத்தில் இரண்டு நுணுக்கங்கள் டாப் ஸ்டேஷனுக்கு நேராகப் பொருந்துகின்றன. முதலாவது: ஒன்று இல்லை என்று சொல்ல, அது இருந்தால் கண்ணில் படும் நிலைமை இருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று சொல்ல முடியாது. டாப் ஸ்டேஷனில் பல நாட்களில் பகலிலேயே மூடுபனி இறங்கி, பத்தடி தள்ளி நிற்கும் ஆளே தெரிவதில்லை. அந்த நேரத்தில் ஸ்டேஷன் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல ஒரு நையாயிகர், அதாவது நியாய நூலார், சம்மதிக்கமாட்டார். பனி விலகட்டும் என்பார்.

இரண்டாவது நுணுக்கம்தான் பெரியது. வெறும் இன்மை என்று ஒன்று கிடையாது. எப்போதும் அது ஏதோ ஒன்றின் இன்மை. அந்த ஏதோ ஒன்றைப் பிரதியோகி என்பார்கள். பிரதியோகியை அறியாதவருக்கு இன்மையும் தெரியாது. குடத்தையே பார்த்தறியாதவர் வெறுந்தரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அப்படியானால் டாப் ஸ்டேஷனில் நிற்கும் இரண்டு பயணிகளில் ஒருவர் மலையையும் பனியையும் மட்டும் பார்க்கிறார். மற்றவர் அவற்றோடு இல்லாத ஒரு ரயிலையும் பார்க்கிறார். கண் இருவருக்கும் ஒன்றுதான். இரண்டாமவருக்குக் கொஞ்சம் வரலாறு தெரியும்.

அந்த வரலாறு இது. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பெருகியபோது, 1897-இல் அதற்கென்று ஒரு கம்பெனி உருவானது. பின்னால் நின்றது ஜேம்ஸ் பின்லே என்ற ஸ்காட்லாந்து நிறுவனம். தேயிலையைக் கப்பல் ஏற்ற வேண்டும், கப்பல் தூத்துக்குடியில். மேற்கே இறங்கிப் போவதைவிடக் கிழக்கே போடிநாயக்கனூர் சமவெளியில் இறக்குவது தோதாக இருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு தண்டவாளம் போட்டார்கள். ஆமாம், ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சிறு சக்கரம் அதன்மேல் ஓடும். சாய்ந்துவிடாமல் தாங்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தவை காளைகள். பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் கழித்து இதே பாணியில் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயிலின் எஞ்சின் இன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதற்கு முன்னோடி இந்த மலையில்தான்.

1908-இல் காளைகளுக்கு ஓய்வு. இரண்டு அடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று நிறுத்தங்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து கயிற்றுத் தடத்தில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அந்த இடத்துக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பேர். நடுவழியில் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு மலைக் குடியிருப்பு உண்டு. குரங்கணியிலிருந்து நடந்து ஏறுபவர்களுக்கு அது தெரியும். மூன்று ஊர்களுக்கு ஸ்டேஷன் என்று பெயர், ஒன்றிலும் டிக்கெட் எடுக்க முடியாது. கொட்டகுடியிலிருந்து போடிவரை பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டி.

1924 ஜூலையில் பெய்த மழை இதையெல்லாம் முடித்துவைத்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று சொல்லும் பேரழிவு அது. மலைச்சரிவுகள் பெயர்ந்து வந்து பாதையையும் பாலங்களையும் வாரிக்கொண்டு போயின. தண்டவாளத்தை மறுபடி போட யாரும் முனையவில்லை; சரக்கு கயிற்றுத் தடங்களுக்கும் சாலைகளுக்கும் மாறியது. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் ஆனது.

ஒரு சின்னக் கொடுமையையும் சேர்த்துக்கொள்ளலாம். போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல். மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. ஒன்றுக்கொன்று சரக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய இரண்டு ரயில்களும் நான்கு ஆண்டு இடைவெளியில் தவறவிட்டுக்கொண்டன.

இப்போது தருக்க நூலுக்குத் திரும்பலாம். அது இன்மையை நான்காகப் பிரிக்கிறது: முன்னின்மை, அழிவின் பிறகான இன்மை, முக்காலத்திலும் இன்மை, ஒன்று மற்றொன்றாக இல்லாத இன்மை. கடைசி வகை இங்கே வேண்டாம். மற்ற மூன்றையும் பழனி மலையைச் சுற்றிவந்தே பார்த்துவிடலாம்.

கொடைக்கானலுக்கு ரயில் இல்லை. மதுரை திண்டுக்கல் பாதையில் அம்மையநாயக்கனூரில் கொடைக்கானல் ரோடு என்று ஒரு நிலையம் உண்டு; 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தபோது திறந்த பாதை அது. அங்கே இறங்கியவர் முன்னால் இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கிறது. ஊட்டி மலையில் 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் ரயில் ஏறிவிட்டது. 1845-லேயே அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் வீடு கட்டிக் குடியேறிய கொடைக்கானலுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. கோரிக்கை மட்டும் அவ்வப்போது எழும். இது எந்த இன்மை? குயவன் இன்னும் வனையாத குடத்தின் இன்மை முன்னின்மை. அதற்குத் தொடக்கம் கிடையாது, ஆனால் குடம் வனைந்ததும் முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஒரு நாள் குடம் உண்டாகும் என்றால்தான் அது முன்னின்மை. ஒரு நாளும் உண்டாகாது என்றால் முக்காலத்திலும் இன்மை. ஆகவே கொடைக்கானல் ரயிலின் இன்மை எந்த வகை என்பதை இன்று எந்தத் தருக்கவாதியாலும் சொல்ல முடியாது. ரயில்வே அமைச்சராலும் முடியாது.

குண்டளை ரயிலின் கணக்கு தெளிவு. அது அழிவின் பிறகான இன்மை: 1924-இல் தொடங்கியது, முடிவே கிடையாது. இந்த முடிவின்மையில் நியாய நூலார் மிகவும் கறாரானவர்கள். அழிவு அழிந்தால் பழைய குடமே திரும்பி வர வேண்டுமே, வருகிறதா? குயவன் செய்து தருவது வேறொரு குடம். மூணாறில் மலை ரயிலை மறுபடி ஓட்டலாம் என்ற பேச்சு சில ஆண்டுகளாகச் சுற்றுலா வட்டாரத்தில் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அப்படி ஒன்று ஓடினாலும், இவர்கள் தர்க்கப்படி, குண்டளை ரயிலின் இன்மை அப்படியே இருக்கும். பக்கத்தில் ஒரு புது ரயில் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கறார் போடிக்காரர்களிடம் செல்லாது. 1928-இல் வந்த அவர்களது மீட்டர்கேஜ் பாதையை உலகப் போர்க்காலத்தில், 1942-இல், பெயர்த்துக்கொண்டு போனார்கள். இரும்பு வேறிடத்தில் தேவைப்பட்டது. 1950-களின் நடுவில் மறுபடி போட்டார்கள். 2010 டிசம்பர் இறுதியில் அகலப் பாதையாக்குவதற்காக மீண்டும் நிறுத்தினார்கள். 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் வந்தது. தண்டவாளம் வேறு, அகலம் வேறு, அடிக்கட்டை மரத்திலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியது, புகைவண்டி என்ற பெயருக்குக் காரணமான புகையும் போய்விட்டது. ஆனால் போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வது, நம்ம ரயில் திரும்ப வந்திருச்சு என்றுதான். புது ரயில் வந்தது என்று சொன்னால் வேற்றூர்க்காரர் என்று அர்த்தம்.

மிலிந்த அரசனிடம் பிக்கு நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வி நினைவுக்கு வரும். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்த கூட்டுக்கு வழக்கில் இட்ட பெயர் தேர். நல்ல பதில், ஆனால் ஒரு குறை. நாகசேனரின் தேர் முழுதாகக் கண்முன் நின்றது. அதில்தான் அரசன் வந்திறங்கினான். போடி ரயிலோ பன்னிரண்டு ஆண்டுகள் எந்தப் பாகமும் இல்லாமல், பெயர் மட்டுமாக இருந்தது. அப்போது அந்தப் பெயரைத் தாங்கி நின்றது எது? மண்மேடும், கோரிக்கை மனுக்களும், பழைய நேர அட்டவணையை ஒப்பிக்கும் பெரியவர்களும்.

இந்த இடத்தில் கொடைக்கானல் மலைக்கே உரிய ஒரு சாட்சியைக் கூப்பிடலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கிறது: 1994, 2006, 2018. அடுத்தது 2030. குறிஞ்சி திரும்பவும் பூத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதும். உண்மையில் ஒருமுறை பூத்து விதை விட்டதும் அந்தச் செடி செத்துப்போகிறது. 2018-இல் பூத்தது 2006-இல் பூத்த செடியின் பிள்ளை. ஒரு செடியும் இரண்டு முறை பூத்ததில்லை. இருந்தும், குறிஞ்சியாண்டவர் கோயிலின் பக்கத்தில் நின்று மலை நீலமாவதைப் பார்க்கும் எவரும் இது வேறு குறிஞ்சி என்று சொல்வதில்லை. சொன்னால் அவரை நையாயிகர் என்று மதிப்பதற்குப் பதிலாக ரசனை கெட்டவர் என்றுதான் நினைப்பார்கள்.

இதற்குச் சைவ சித்தாந்தத்தில் இடம் இருக்கிறது. உள்ளதுதான் தோன்றும், இல்லாதது தோன்றாது. அழிவு என்பது காரணத்துக்குள் ஒடுங்குவது என்பது சற்காரியவாதம். மெய்கண்டாரின் சிவஞான போதம் உலகத்துக்கே தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று மூன்று தொழில் சொல்லித்தான் தொடங்குகிறது. ஒடுங்கியது மறுபடி தோன்றும். விதைக்குள் மரம் ஒடுங்கியதுபோல் மண்மேட்டுக்குள் போடி ரயில் ஒடுங்கியிருந்தது என்று ஒரு சித்தாந்தி சொன்னால், கேட்கிற போடிக்காரருக்கு நையாயிகரைவிட இவரைப் பிடித்துப்போகும். ஒடுங்கிய இரும்பும் சும்மா கிடப்பதில்லை. தமிழ்நாட்டின் கிராமத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தெரியும், மரக்கிளையில் தொங்கிய மணி பெரும்பாலும் ஒரு துண்டுத் தண்டவாளம்தான். எந்தப் பாதையில் எந்த எஞ்சினைத் தாங்கிய இரும்போ, அது இடைவேளை விட்டுக்கொண்டிருந்தது.

ரயிலின் சாவை மதக் கண்ணோடு பார்ப்பது தமிழருக்கு மட்டுமான வழக்கம் இல்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் லிண்டன், பார்ன்ஸ்டபிள் என்ற இரண்டு ஊர்களை இணைத்து 1898-இல் ஒரு குறும்பாதை ஓடத் தொடங்கியது. 19 மைல், அகலம் ஓரடி பதினொன்றரை அங்குலம், குண்டளை ரயிலைவிட அரை அங்குலம் குறைவு. சாலையில் மோட்டார் வண்டிகள் பெருகியதும் நட்டத்தில் மூழ்கி 1935 செப்டம்பரில் மூடப்பட்டது. மூடிய மறுநாள் பார்ன்ஸ்டபிள் நிலையத்தில் தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு சாமந்தி மலர்வளையம் இருந்தது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் வைத்தது. கூடவே ஒரு அட்டை: இது சாகவில்லை, ஒருவேளை உறங்கிக்கொண்டிருக்கலாம் என்ற பொருளில். யவீருவின் மகளைப் பற்றி இயேசு சொன்னதாக நற்செய்தியில் வரும் பேச்சின் சாயல் அதில் இருப்பதை அந்த ஊரில் யாருக்கும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து நடந்தது அவ்வளவு பக்தியானதல்ல. சில வாரங்களில் ஏலம், தண்டவாளம் பழைய இரும்பாகப் போனது, எஞ்சின்களும் உடைபட்டன. லூ என்ற ஒரு எஞ்சின் மட்டும் கப்பலேறி பிரேசில் போனது, அதன்பின் தகவல் இல்லை. ஆனாலும் ஆர்வலர்கள் விடவில்லை. 2004-இல் வுடி பே என்ற நிலையத்தில் சிறு தூரத்துக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது, பிறகு அது ஒரு மைல் அளவுக்கு நீண்டது. உறங்கியது எழுந்தது என்பது அவர்கள் கணக்கு. பாதை புதிது, ஓடுவது வேறு எஞ்சின் என்பது அன்னம்பட்டர் கணக்கு. உயிர்த்தெழும் உடல் பழைய உடல்தானா என்று கிறிஸ்தவ இறையியலார் நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியின் சின்ன வடிவம் இது. கொடைக்கானலில் கோடைகாலத்தைக் கழித்த மிஷன் பாதிரிமார்களுக்கு ஞாயிறு பிரசங்கத்துக்குப் பஞ்சமில்லாத பொருள்.

வெளிப்படையாகச் சொன்னால், இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் உண்டு. போடி ரயில் திரும்பியது என்று சொல்வதற்குக் காரணம் இரும்பல்ல. அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் தொடர்ந்து இருந்தார்கள். பயன்படுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள். குண்டளை ரயிலுக்கு அப்படிக் காத்திருந்தவர்கள் யார்? அது கம்பெனியின் சரக்கு ரயில். வெள்ளம் கொண்டுபோனதும் கம்பெனி வேறு வழி பார்த்துக்கொண்டது. இன்று அதைத் தேடுபவர்கள், மலைவாசத்தலத்தின் பழைய புகைப்படங்களில் மனம் பறிகொடுத்தவர்கள். அந்தப் படங்களில் எஞ்சின் தெரிகிறது, எஞ்சினுக்குப் பக்கத்தில் தொப்பியோடு துரை தெரிகிறார். தேயிலையைப் பறித்து, உலர்த்தி, பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றியவர்கள் தெரிவது அபூர்வம்.

பிரதியோகியை அறியாமல் இன்மை தெரியாது என்ற அந்த விதி இங்கேதான் கூர்மையாகக் குத்துகிறது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தமிழ்த் தொழிலாளிகள் போடிப் பக்கத்து மலைப்பாதைகளில் நடந்தே தோட்டங்களுக்கு ஏறினார்கள். காளைகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளத்துக்கு முன்பு சரக்கு ஏறியதும் இறங்கியதும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும்தான். அவர்கள் இப்போது அந்தப் பாதையில் இல்லை. ஆனால் அவர்கள் இல்லை என்பது டாப் ஸ்டேஷனில் யாருக்கும் தோன்றுவதில்லை. ரயில் இல்லை என்பது தோன்றுகிறது, ஊர்ப்பெயர் ஞாபகப்படுத்துவதால்.

கொடைக்கானலுக்கும் இதே கதை. 1916 வாக்கில் மேஜர் லாவின் மலைச்சாலை திறக்கும்வரை, அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கிய துரைகளும் துரைசானிகளும் இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் தாண்டி, மலையடியில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைந்தார்கள். அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதை. குதிரை ஏறத் தெரிந்தவர்கள் குதிரையில். மற்றவர்களை டோலியிலும் நாற்காலியிலும் உட்காரவைத்துத் தோளில் தூக்கிச் சென்றார்கள். குழந்தைகள், கட்டில், பாத்திரம், பியானோவின் பாகங்களைப் போன்ற பெருஞ்சாமான்கள் வரை மனிதத் தோளை நம்பியே ஒரு மலைநகரம் வளர்ந்தது. லாவின் பெயரில் சாலை இருக்கிறது, ஏரியை உருவாக்கிய லெவிஞ்சின் பெயரை வழிகாட்டிகள் ஒப்பிக்கிறார்கள். தூக்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அந்தப் பழைய பாதையில் இருக்கும் வெள்ளகவி கிராமத்தில் கோயில்கள் மிகுதி என்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஏறிப்போகும் இளைஞர் கூட்டம் அதை வியப்போடு படமெடுத்துப் போடுகிறது. அதே பாதையில் பெரும்பாலும் வெறுங்காலோடு பாரம் சுமந்தவர்களைப் பற்றி யாருக்கும் எந்த வியப்பும் இல்லை.

சுமப்பவரை நினைவில் வைக்கத் தமிழ்ச் சமயத்துக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மலைத்தொடருக்குப் பெயர் கொடுத்த பழனியிலேயே அதற்கு எதிர்ச்சான்று நிற்கிறது. அகத்தியர் கேட்டுக்கொண்டபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தண்டின் இருமுனையிலும் கட்டித் தோளில் சுமந்துவந்த இடும்பன், பழனியில் இறக்கிவைத்தவன் திரும்பத் தூக்க முடியாமல் முருகனோடு மோதி மாண்டு மீண்டான் என்பது தலபுராணம். மலையேறும் பக்தர்கள் வழியில் இடும்பனைக் கும்பிட்ட பிறகுதான் தண்டாயுதபாணியிடம் போகிறார்கள். காவடி எடுக்கும் ஒவ்வொருவரும் சில மணி நேரத்துக்கு இடும்பன். பிறருக்காகப் பாரம் தூக்கிய ஒருவனுக்குச் சாமி சன்னதிக்கு முன்னால் இடம் கிடைத்திருக்கிறது.

இங்கே நினைவு வேறு விதமாக வேலை செய்வதைக் கவனிக்கலாம். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் 1928-லேயே வந்துவிட்டது. குன்றின்மேல் ஏற விஞ்ச் 1966 முதல் இருக்கிறது, 2004 முதல் ரோப்காரும் இருக்கிறது. இருந்தும் தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் நடந்து வருகிறார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காவடி கொண்டுவருகிறார்கள், நடந்தே வந்து நடந்தே ஊர் திரும்புகிறார்கள். மாட்டு வண்டிக் காலத்துப் பயணம் அவர்களுக்கு இல்லாமல் போன ஒன்றல்ல. தை மாதம் வந்தால் நடப்பது. அதன் இன்மையைப் பற்றி நியாய நூல் எழுதவே இடமில்லை. ரயில் ஆர்வலர் போன ரயிலின் படத்தைச் சேர்க்கிறார். யாத்திரைக்காரர் போன காலத்தின் நடையை நடக்கிறார். வுடி பேயில் ஒரு மைல் ரயிலை ஓட்ட வார இறுதிகளில் சம்பளமில்லாமல் நிலக்கரி அள்ளுகிறவர்கள் இந்த இரண்டாம் வகைக்கு நெருங்கியவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்களுக்கு அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதோ என்னவோ, கைகளுக்கு இருக்கிறது.

குண்டளை ரயிலை மறுபடி ஓட்டுவது பற்றிப் பேசுகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்கிறார்களா என்பது சந்தேகம். பொம்மை எஞ்சினும் கண்ணாடிப் பெட்டியும் ஒரு மைல் ஓடினால் கூட்டம் வரும், மறுப்பதற்கில்லை. அதற்கு முன்னால் செலவு குறைந்த காரியம் ஒன்று உண்டு. டாப் ஸ்டேஷனில் ஒரு பலகை. 1902, 1908, 1924 என்ற மூன்று ஆண்டுகள். ஒற்றைத் தண்டவாளத்தின் கோட்டுப்படம், அதில் காளைகளும் ஓட்டியவரும். கொட்டகுடிக்கு இறங்கிய கயிற்றுத் தடத்தின் வரைபடம், கீழே பாட்டம் ஸ்டேஷன், நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன். எந்தெந்தச் சீமைகளிலிருந்து எந்தப் பாதையில் ஆட்கள் ஏறிவந்தார்கள் என்ற விவரம், தமிழிலும் மலையாளத்திலும். அதைப் படித்தவருக்குப் பனி விலகும்போது மலையில் இல்லாதவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. ரயில் ஓடிய பாதையோ ஏறக்குறைய முழுவதும் கேரளத்தில் இருந்தது. பலகைக்கான செலவை எந்த அரசு ஏற்பது என்பதற்குத் தருக்க சங்கிரகத்தில் வழி சொல்லவில்லை.